பழைய கோயமுத்தூர் கைடு போல ஓர் அட்டை: எழுத்திலிருந்து அச்சு வரை முழு வழிகாட்டி

கோயமுத்தூருக்கோ ஈரோட்டுக்கோ சின்னதாக ஒரு நகரக் கைடு போடுகிறீர்கள். அட்டை 1950களில் வந்தது போல இருக்க வேண்டும் என்று ஆசை. இந்த ஆசையோடு தொடங்கும் பெரும்பாலான அட்டைகள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: பின்னணியில் பழுப்புக் காகிதப் படம், நாலு கறை, கிழிந்த ஓரம், மேலே கணினி எழுத்துருவில் தலைப்பு. பார்த்த மாத்திரத்தில் நேற்றுச் செய்தது என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்து அட்டை அச்சகத்தை விட்டு வெளியே வந்தபோது புத்தம் புதிதாக, பளிச்சென்றுதான் இருந்தது. அதற்கு அந்த முகம் வந்ததே இரண்டு மையில் முடிக்க வேண்டிய கட்டாயத்தாலும், கையால் வரைந்த தலைப்பாலும், ஈயத்தில் வார்த்து அடுக்கிய ஈய எழுத்தாலும், தாளின் விளிம்பு வரை அச்சடிக்க முடியாத, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷினாலும்தான். அந்தக் கட்டுப்பாடுகளை நீங்களும் ஏற்றுக்கொண்டு வேலை செய்தால் பழமை தானாக வரும்.

முதலில் ஒரு வருஷத்தைப் பிடியுங்கள்

"பழைய காலம்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் அட்டை சிதறிப்போகும். ஒரே ஒரு வருஷத்தைத் தீர்மானியுங்கள். இங்கே 1955 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு முடிவிலிருந்து பல விஷயங்கள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன.

விலை அணாவில் வரும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1இல். நீங்கள் 1958 என்று தேர்ந்தெடுத்தால் 12 அணா என்பது 75 ந.பை. ஆகும், 1964 ஜூனுக்குப் பிறகு "நயா" உதிர்ந்து வெறும் பைசா. மாநிலத்தின் பெயர் சென்னை ராஜ்யம். தமிழ்நாடு என்று மாறியது 1969இல். முகவரியில் 641 என்று தொடங்கும் பின்கோடு இருக்கக் கூடாது, அது 1972இல் வந்தது. தூரம் மைலில்தான். கோயமுத்தூர் அப்போது முனிசிபாலிடி, மாநகராட்சி ஆனது 1981இல்.

பின்னட்டையில் வரைபடம் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஈரோடு தனி மாவட்டம் ஆனது 1979இல், திருப்பூர் 2009இல். ஆகவே 1955இன் கோயமுத்தூர் ஜில்லாவுக்குள் இரண்டும் அடங்கும். கொள்ளேகாலமும் அடங்கும், அது மைசூருக்குப் போனது 1956 நவம்பரில். கரூர் திருச்சி ஜில்லாவில் இருந்தது. பவானிசாகர் அணையைக் காட்டலாம், ஆழியாறு அணையைக் காட்டக் கூடாது. இன்றைய மாவட்ட வரைபடத்தை எடுத்து அப்படியே பழுப்பாக்கிப் போட்ட அட்டைகளை விஷயம் தெரிந்தவர்கள் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிடுவார்கள்.

சொற்களும் அந்த வருஷத்துக்குப் பொருந்த வேண்டும். ஜில்லா, விலாசம், பிரசுரம், ஸ்ரீ என்று போடலாம். ஊர்ப் பெயர் "கோயமுத்தூர்". இன்றைய அரசுப் பலகை எழுத்துக் கூட்டான "கோயம்புத்தூர்" வேண்டாம். எண்களைப் பழமைக்காகத் தமிழ் எண்களில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. 1950களின் கடைத்தெருப் பிரசுரத்தில் விலையும் பக்க எண்ணும் 1, 2, 3 என்றுதான் இருந்தன.

அளவும் காகிதமும்

கைடுக்கு கிரவுன் 1/8 பொருத்தமானது: வெட்டிய பிறகு 12 x 18 செ.மீ. சட்டைப் பைக்கு ஒத்துவராவிட்டாலும் தோள்பைக்கும் பஸ் பயணத்துக்கும் சரியாக வரும். டெம்மி 1/8 (14 x 21.5 செ.மீ.) நாவலுக்கும் கட்டுரைத் தொகுப்புக்கும் உரிய முகம், கைடுக்கு அது கொஞ்சம் கனம்.

64 பக்கம் வரை நடுவில் பின் அடித்துவிடலாம். முதுகு கிடையாது, முதுகில் எழுத்தும் கிடையாது. அட்டைக்குப் பளபளப்பு இல்லாத, கோட்டிங் இல்லாத 200 முதல் 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வாங்குங்கள். தாள் இயல்பாகவே வெளிர் மஞ்சள் சாயலில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வெளிர் மஞ்சளை அச்சடித்து ஏமாற்ற முயன்றால் வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரியும், மடிப்பில் மை உடைந்து அங்கும் வெள்ளை தெரியும். லேமினேஷன் எந்த வகையானாலும் வேண்டாம், மேட் உட்பட. இந்த ஒரு படலம் மற்ற எல்லா உழைப்பையும் அழித்துவிடும்.

தலைப்பு எழுத்து: அட்டையின் உயிர் இங்கேதான்

ஈய எழுத்து சில அளவுகளுக்கு மேல் அச்சகங்களில் இருக்காது. அதனால் அட்டைத் தலைப்பை ஓவியர் கையால் வரைந்தார், அது பிளாக்காக, அதாவது அச்சடிக்கும் உலோகக் கட்டையாக, செய்யப்பட்டது. இன்றைக்கு எந்தத் தமிழ் எழுத்துருவைப் போட்டாலும் அந்தத் தோற்றம் வராததற்குக் காரணம் இது. எழுத்துருவில் ஒரே "த" இரண்டு இடத்திலும் அச்சு அசலாக இருக்கும். கையால் வரைந்தவர் "கோயமுத்தூர்" எழுதும்போது முதல் த்-ஐயும் அடுத்த தூ-வையும் வேறு வேறாகப் போடுவார், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் இடம் வேறு.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். 12 செ.மீ. அகல அட்டையில் பார்டரும் ஓரமும் போகத் தலைப்புக்கு 85 மி.மீ. கிடைக்கும். தமிழ் எழுத்து அகலமானது. "கோயமுத்தூர்" என்ற சொல்லை இயல்பான விகிதத்தில் எழுதினால், இடைவெளியும் சேர்த்து, எழுத்தின் உயரத்தைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு நீளும். அப்படியானால் எழுத்தின் உயரம் ஒன்பதரை மி.மீ. மட்டுமே. "கோவை" என்று போட்டால் ஐந்தேகால் மடங்குதான், 16 மி.மீ. உயரம் கிடைக்கும். கடையில் ஆறடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆகவே "கோவை"யைப் பெரிதாகவும் "நகர வழிகாட்டி"யைக் கீழே சிறிதாகவும் போடுவது நல்லது. முழுப் பெயர்தான் வேண்டும் என்றால் ஒடுக்கமாக வரையுங்கள். 80 விழுக்காடு அகலத்தில் உயரம் 12 மி.மீ. அளவுக்கு ஏறும். எழுத்துருவைக் கணினியில் பக்கவாட்டில் நெருக்கி இதைச் செய்யாதீர்கள். நின்ற கோடுகள் மெலிந்து படுத்த கோடுகள் மட்டும் தடித்து நிற்கும், கண்ணை உறுத்தும். பெயரை இரண்டு வரியாக உடைப்பதும் ஆகாது.

அடுத்தது மேலும் கீழும். மு, தூ இரண்டும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். த், ர் இரண்டின் புள்ளியும் தலைக்கு மேலே ஏறும். எழுத்து 10 மி.மீ. என்றால் புள்ளிக்கு 3 மி.மீ., கால் இறங்க நாலரை மி.மீ. ஒதுக்குங்கள். இந்த ஒதுக்கீட்டை மறந்துவிட்டு அடுத்த வரியை நெருக்கி வைத்தால் தூ-வின் வால் கீழே உள்ள துணைத்தலைப்பின் புள்ளியில் இடிக்கும். இடிக்கிறதே என்று வாலைச் சுருக்கினால் தூ, து போலத் தெரியும்.

தடிமன் எழுத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. 16 மி.மீ. எழுத்துக்கு 2.7 மி.மீ. கோடு. ரோமன் எழுத்தை இதைவிடத் தடிப்பாகக் கொண்டுபோகலாம், அதற்குள் சுழிகள் குறைவு. தமிழில் ண, ஞ, கொம்பு எல்லாம் சுழிதான்; தடிமன் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் சுழிகளின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். அச்சில் மை கொஞ்சம் பரவும் என்பதால் திரையில் தெரிவதைவிட இன்னும் அடைக்கும்.

வரையும் முறை:

1. தலைப்பின் இறுதி அளவைப் போல் மூன்று மடங்கில் வரையுங்கள். 85 மி.மீ. என்பது 255 மி.மீ. ஆகும், ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அடங்கும். சுருக்கும்போது கையின் சிறு நடுக்கம் மறைந்து வரைந்தவரின் நடை மட்டும் நிற்கும்.

2. பென்சிலில் நான்கு கோடுகள்: புள்ளி உயரம், தலை, அடி, இறக்கம். சாய்வாக ஏறும் தலைப்பு வேண்டுமானால் நான்கையும் 8 முதல் 12 டிகிரி வரை ஏற்றுங்கள். ஆனால் எழுத்தின் நின்ற கால்கள் செங்குத்தாகவே நிற்கட்டும். கால்களையும் சேர்த்துத் திருப்பினால் எழுத்து மல்லாந்து விழுவது போல இருக்கும். இந்தப் பிழை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் கடைவீதிப் பலகைகளிலேயே பார்க்கலாம்.

3. முதலில் எலும்புக்கூடு, அதாவது ஒற்றைக் கோட்டில் சொல். இடைவெளிகளைச் சரிசெய்த பிறகே தடிமன். ே, க, ா மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்தாகத் தெரிய வேண்டும். இவற்றின் நடுவில் விடும் இடம் "கோ"வுக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் விடுவதில் பாதியாக இருக்கட்டும்.

4. டிரேசிங் தாளில் நகலெடுத்துக் கருப்பு மையால் நிரப்புங்கள். வளைவுக்கு 2ஆம் எண் பிரஷ், நேர்கோட்டுக்குத் தட்டைப் பேனா.

5. 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியதும் அது 1800 டி.பி.ஐ. ஆகிவிடும், கோட்டோவியத்துக்கு அது தாராளம். சாம்பல் நிறம் இல்லாத, கருப்பு வெள்ளை மட்டுமே உள்ள பிட்மேப்பாக மாற்றி வையுங்கள். மென்பொருளின் தானியங்கி டிரேஸ் கருவியில் விடாதீர்கள். வளைவுகள் எல்லாம் ஒரே மாதிரி வழுவழுப்பாகி, கையின் தடம் போய்விடும்.

நிழல் எழுத்து அக்கால அட்டைகளின் பெரிய அலங்காரம். வலது கீழ்ப் பக்கம், 45 டிகிரி, நீளம் எழுத்துயரத்தில் ஆறில் ஒன்று. மங்கலான கணினி நிழல் இங்கே ஆகாது. இரண்டாம் மையில் கெட்டியான, கூர் விளிம்புள்ள நிழல். அட்டைப் படத்தில் கட்டடத்தின் நிழல் இடது பக்கம் விழுந்து, எழுத்தின் நிழல் வலது பக்கம் விழுந்தால் அட்டை இரண்டாகப் பிரிந்து நிற்கும். படத்தின் வெளிச்சத்தை முதலில் முடிவு செய்துவிடுங்கள்.

பழைய லிபி: பதின்மூன்று எழுத்துகள்

1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளுக்கும் தனி வடிவம் இருந்தது. ணை, லை, ளை, னை நான்கிலும் கொம்பு யானைத் தும்பிக்கை போல எழுத்தின் இடப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வளையும். ணா, றா, னா மூன்றிலும் துணைக்கால் தனியே நிற்காமல் எழுத்தின் வாலே கீழே சுழிந்து முடியும். 1955 அட்டையில் இவை புதிய வடிவில் இருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

"கோவை"க்கு இந்தத் தொல்லை இல்லை. வை அந்தப் பட்டியலில் இல்லை. "மருதமலை"யில் ஒன்று, "ஆனைமலை"யில் இரண்டு. அட்டையிலேயே மிகச் சிறிய வரியான "விலை அணா 12" என்பதில்தான் லை, ணா இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. தலைப்பைப் பார்த்துப் பார்த்து வரைந்துவிட்டு இந்த மூலை வரியைச் சாதாரண எழுத்துருவில் தட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தெரிந்த கண் முதலில் போய் விழுவது அங்கேதான்.

யூனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது. ல-வும் ை-யும் சேர்ந்தால் எந்த வடிவம் என்பதை எழுத்துருதான் தீர்மானிக்கிறது. உங்கள் எழுத்துருவின் எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப் பலகையைத் திறந்து பழைய லை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதே எழுத்துருவின் ல-வை அவுட்லைனாக மாற்றி, தும்பிக்கையை மட்டும் வரைந்து ஒட்ட வேண்டும். நினைவிலிருந்து வரையாதீர்கள். 1950களின் அச்சுப் பக்கம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே அளவுள்ள எழுத்தைப் பெரிதாக்கி, கோட்டின் தடிமன் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பார்த்து வரையுங்கள். பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வராது, ஒரு மாலை வேலை.

ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். ஈரோட்டில் பெரியார் நடத்திய குடிஅரசு 1935இலேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறியது. ஆகவே சுயமரியாதை இயக்கம் சார்ந்த பிரசுரம் போன்ற அட்டையை ஈரோட்டுக்குச் செய்கிறீர்கள் என்றால் புதிய லை பொருந்தும். பொதுவான நகரக் கைடுக்குப் பழைய லையே சரி.

ஈய எழுத்துப் பகுதி

துணைத்தலைப்பு, பதிப்பகத்தின் பெயர், விலை ஆகியவை அச்சுக்கோத்தவை போல இருக்க வேண்டும். இங்கே எழுத்துரு பயன்படுத்தலாம். நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் இரண்டும் இதற்கு உதவும். டிரோவில் தடித்த எழுத்து இல்லை, தடிமன் வேண்டிய இடத்தில் நோட்டோவின் போல்டைப் போடுங்கள். மென்பொருள் செயற்கையாகத் தடிப்பாக்குவதை ஏற்காதீர்கள், சுழிகள் அடைபடும். கேட்டமரன், பலூ தம்பி போன்றவை நல்ல எழுத்துருக்கள்தான், ஆனால் அவற்றின் முகம் இந்த நூற்றாண்டுடையது.

அளவுகளை 8, 10, 12, 14, 18, 24 பாயிண்ட் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈய எழுத்து 13.6 பாயிண்டில் வராது. அட்டை முழுக்க மூன்று அளவுக்கு மேல் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

எழுத்துகளை விலக்கிப் பரப்பும் வேலையைத் தமிழில் செய்யவே கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை விலக்கினால் கம்பீரம் வரும். தமிழில் கொம்பும் துணைக்காலும் தனித்தனியே பிரிந்து போய், "கோ" என்பது மூன்று துண்டாகக் கிடக்கும். வரியை நிரப்ப வேண்டுமென்றால் சொல் இடைவெளியைக் கூட்டுங்கள், அச்சுக்கோப்பவர் செய்தது அதுவே. ஆங்கிலத்திலும் ஊர்ப் பெயர் வேண்டுமானால் அதை விலக்கி, கில் சான்ஸ் போன்ற 1928 காலத்து எழுத்தில், தமிழின் உயரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள்.

பூ பார்டர் பற்றி ஒரு கணக்கு. அது தனித்தனி ஈயத் துண்டுகளை அடுக்கிக் கட்டியது. 12 பாயிண்ட் துண்டு ஒன்று 4.23 மி.மீ. அகலத்தில் 24 துண்டு வைத்தால் 101.6 மி.மீ., உயரத்தில் 38 வைத்தால் 160.9 மி.மீ. 12 x 18 செ.மீ. அட்டையில் பக்கவாட்டில் 9.2, மேலும் கீழும் 9.6 மி.மீ. ஓரம் மிஞ்சும். அழகாகப் பொருந்துகிறது. நீங்களாக ஒரு சட்டகம் வரைந்து அதற்குள் பூவை நீட்டி நிரப்பினால் மூலையில் பாதிப் பூ நிற்கும். ஈயத் துண்டைப் பாதியாக வெட்டிய அச்சகம் கிடையாது. துண்டுகளுக்கு இடையில் ஆங்காங்கே 0.1 மி.மீ. இடைவெளி தெரிந்தால் அது உண்மையாக இருக்கும், எல்லா இடத்திலும் தெரிந்தால் பொய்.

படம்

ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். டவுன்ஹால் கட்டடம் 1892இல் கட்டியது, 1955க்குப் பொருந்தும். பஞ்சாலைப் புகைபோக்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நீலகிரி ரயில், பேரூர்க் கோயில் எல்லாமே நல்லவை. மூன்றையும் நாலையும் சேர்த்து ஒட்டினால் அது சுவரொட்டி ஆகிவிடும். கோபுரமோ கட்டடமோ எதை வரைந்தாலும் இன்று நிற்பது அந்த வருஷத்திலும் அப்படியே நின்றதா என்று விசாரித்துவிடுங்கள்.

பின்னால் மலைவரிசை போடுவதென்றால் திசை முக்கியம். கோவைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கிலும் வடக்கிலும் இருக்கிறது. மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் உதிப்பது போன்ற படம் கோவைக்குப் பொய். அங்கே சூரியன் மறையத்தான் செய்யும். மேற்கு நோக்கிப் பார்க்கும் காட்சியில் வெள்ளியங்கிரிப் பக்கம் உயர்ந்து, இடது கைப்பக்கம் போகப் போகத் தணிந்து, பாலக்காட்டுக் கணவாயில் திறந்துகொள்ளும். அந்தத் திறப்பை வரைந்தால் ஊர்க்காரர்கள் உடனே கண்டுகொள்வார்கள். பொதுவான முக்கோண மலைகளை எந்த ஊர் அட்டையிலும் போட்டுவிடலாம்.

புகைப்படத்தை மூன்று நிறமாகச் சுருக்குங்கள்: தாள், நடுநிறம், கருநிறம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது நடு, எது கரு என்று தெரிந்துவிடும். ஜன்னல்களை எண்ணி எண்ணி வரைய வேண்டாம். வெளிச்சப் பக்கத்து ஜன்னலை விட்டுவிட்டு நிழல் பக்கத்தில் நாலைந்து இட்டால் போதும். மிக மெல்லிய கோடு 0.75 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. நிறத்துக்குள் வெள்ளையாக விடும் கோடு 1 பாயிண்டாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் மை இரு பக்கமும் பரவி அதை மூடிவிடும்.

இரண்டு மை

மஞ்சளும் கருநீலமும். ஈரோட்டு மஞ்சளின் நிறத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எலுமிச்சை மஞ்சள் அல்ல. முதல்முறை செய்பவர்களுக்கு இந்த ஜோடியைச் சொல்லக் காரணம், மஞ்சள் வெளிறிய மை. அது நீலத்தோடு சரியாகப் பொருந்தாமல் அரை மி.மீ. விலகினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். செங்கல் சிவப்பும் கரும்பச்சையும் அழகான ஜோடி, ஆனால் விலகல் உடனே தெரியும்.

இரண்டே மையில் ஆறு நிறம் எடுக்கலாம்: தாளின் நிறம், மஞ்சள், நீலம், மஞ்சள் மேல் நீலம் விழுந்த கரும்பச்சை, நீலத்தின் 50 விழுக்காடு டின்ட் (சிறு புள்ளிகளாக அச்சடித்து வெளிறச் செய்தது), மஞ்சள் மேல் அதே டின்ட் விழுந்த இளம்பச்சை. மலைக்கு இளம்பச்சை, கட்டடத்தின் நிழல் பக்கத்துக்குக் கரும்பச்சை, வானத்துக்கு மஞ்சள், முகப்புக்குத் தாள். டின்டை அங்குலத்துக்கு 85 வரி ஸ்கிரீனில் போடுங்கள். புள்ளிகள் லேசாகக் கண்ணுக்குத் தெரியும், தெரிய வேண்டும்.

கோப்பில் இரண்டு ஸ்பாட் நிறங்கள், அதாவது தனி மையாகவே அச்சாகும் நிறங்கள், மட்டும் இருக்கட்டும். நீலத்துக்கு ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள மஞ்சளை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாவது) குறியைப் போட மறக்காதீர்கள். திரையில் நிறங்களைக் கலந்து காட்டும் மல்டிப்ளை வைத்துப் பச்சையாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டால் பிளேட்டில் நீலத்துக்கு அடியில் மஞ்சள் வெட்டப்பட்டுவிடலாம். பிறகு மை கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கோடு நிற்கும். அனுப்பும் முன் பிரிப்பு முன்னோட்டத்தில் ஒவ்வொரு பிளேட்டையும் தனியாகப் பாருங்கள். சிறிய எழுத்து எல்லாம் நீலத்தில் மட்டும். மஞ்சளில் எழுத்துப் போட்டால் வெளிர் தாளில் படிக்க முடியாது.

விலகலை வேண்டுமென்றே வைக்க நினைத்தால் 0.3 மி.மீ. போதும், அதுவும் ஒரே திசையில். அச்சகத்தில் எப்படியும் கொஞ்சம் விலகும் என்பதால் வைக்காமலே விடலாம்.

உள்பக்கங்கள், சுருக்கமாக

அட்டையைத் திறந்ததும் வேறு காலம் தெரியக் கூடாது. உடல் எழுத்து 10 பாயிண்ட், வரிக்கு வரி 14 அல்லது 15. தமிழில் மேலும் கீழும் உறுப்புகள் நீள்வதால் 12இல் நெருக்கினால் படிக்கச் சிரமம். புகைப்படங்கள் 85 முதல் 100 வரி ஹாஃப்டோன், அதாவது சிறு புள்ளிகளால் ஆன படம். அட்டையின் 2, 3, 4ஆம் பக்கங்கள் அக்காலக் கைடுகளில் விளம்பரத்துக்கு உரியவை. பம்பு செட்டு, ஜவுளி, ஓட்டல் விளம்பரங்களை ஈய எழுத்திலும் இரட்டைக் கோட்டுச் சட்டத்திலும் கட்டினால் கைடு நிறைவாக இருக்கும். உங்களுக்கு உதவும் இன்றைய உள்ளூர்க் கடைகளின் உண்மையான விளம்பரங்களையே அந்த நடையில் அமைக்கலாம். கற்பனைக் கடைகளைவிட அது நேர்மையானது, அச்சுச் செலவிலும் கொஞ்சம் திரும்ப வரும். இன்றைய உண்மையான விலை, ஆண்டு, தொடர்பு விவரம் ஆகியவற்றை உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் தெளிவாகப் போட்டுவிடுங்கள்; வாங்குபவர் அதைப் பழைய பிரதி என்று நம்பிவிடக் கூடாது.

அச்சகத்தில்

500 பிரதிக்கு 15 x 20 அங்குல மினி ஆஃப்செட் போதும். விரித்த அட்டை 24 x 18 செ.மீ. ஒரு தாளில் நான்கு வரும்: 48 x 36 செ.மீ. தாள் 50.8 x 38.1. மிஷின் தாளைக் கவ்வி இழுக்கும் பிடிக்கு வேண்டிய 1 செ.மீ. மிஞ்சுகிறது. நிறத்தை விளிம்பு வரை கொண்டுபோய், சுற்றிலும் 3 மி.மீ. பிளீடு (வெட்டும் கோட்டைத் தாண்டி நீட்டும் நிறம்) சேர்த்தால் 37.2 ஆகிவிடும், பிடிக்கு இடம் இல்லை. இரண்டு அட்டைதான் போட முடியும், தாள் செலவு இரட்டிப்பாகும். பழைய அட்டைகளைச் சுற்றி ஏன் அந்த வெறும் ஓரம் இருந்தது என்பது இந்த இடத்தில் கையாலேயே புரியும்.

தாள் வாங்கும்போது நார் ஓட்டத்தைக் கேளுங்கள். இந்த அமைப்பில் மடிப்பு 38 செ.மீ. பக்கத்துக்கு இணையாக விழுகிறது. நாரும் அதே திசையில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் 220 ஜி.எஸ்.எம். தாள் மடிப்பில் வெடிக்கும். எப்படியானாலும் மடிக்கும் முன் கிரீசிங் போட, அதாவது மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிக்க, சொல்லுங்கள். 125 தாள் கணக்கு, இரண்டு முறை ஓட்டுவதால் வீணுக்கு 40 சேர்த்து 165 வாங்குங்கள்.

மஞ்சள் முதலில், நீலம் அடுத்த நாள். கோட்டிங் இல்லாத தாளில் மை உள்ளே இறங்கிக் காய நேரம் வேண்டும். நீலத்துக்கு டப்பாவில் இருக்கும் ரிஃப்ளெக்ஸ் ப்ளூவை அப்படியே ஊற்றச் சம்மதிக்காதீர்கள். அது காய மிகவும் தாமதமாகும், காய்ந்த பிறகும் விரலில் ஒட்டும். கொஞ்சம் கருப்பு சேர்த்த வேறொரு நீலத்தைக் கலக்கச் சொல்லி, அதே தாளில் விரலால் தேய்த்து மாதிரி பாருங்கள். திரையில் பார்த்த நிறத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம், தாளில் காய்ந்த மாதிரிதான் அளவுகோல்.

200 பிரதிக்குக் கீழே என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங் நல்ல வழி. மை கெட்டியாக உட்கார்ந்து பழைய பிளாக் அச்சின் அழுத்தம் கிடைக்கும். திருப்பூரில் தெருவுக்குத் தெரு ஸ்கிரீன் இருந்தாலும் பனியனுக்குப் போடும் மையும் சல்லடையும் தாளுக்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகை போடும் ஸ்கிரீன்காரரைத் தேடுங்கள். செ.மீ.க்கு 120 இழை சல்லடை கேளுங்கள்; 0.3 மி.மீ. கோடு வரை பிடிக்கும். 85 வரி டின்ட் அதில் சரியாக நிற்காது. அதற்குப் பதில் டின்ட் இருந்த இடத்தில் 0.5 மி.மீ. கோடுகளை 1 மி.மீ.க்கு ஒன்றாகப் படுக்கை வரிசையில் வரைந்துகொள்ளுங்கள், மலைக்கு அது இன்னும் பொருத்தமாகவே இருக்கும்.

பின் அடித்த பிறகு மூன்று பக்கமும் வெட்டுவார்கள். 500ஐயும் அடுக்கும் முன் முதல் பத்தை எடுத்து, பார்டரிலிருந்து விளிம்பு வரை நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 9 மி.மீ. ஓரத்தில் 1 மி.மீ. பிசகு கண்ணில் படாது. அதற்கு மேல் போனால் கத்தியை நிறுத்தச் சொல்லி, தாள்களைத் தட்டிச் சேர்த்த மூலையை மறுபடி ஒழுங்குபடுத்தியபின் தொடருங்கள். வெட்டிய கட்டுகளை உடனே பிளாஸ்டிக்கில் சுற்றாமல் இரண்டு நாள் காற்றாட வையுங்கள். நீல மை அடுத்த பிரதியின் பின்னட்டையில் ஒட்டாமல் இருக்கும்.